கறள் பிடித்த பிக்கப்பில் போடும் காசு

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. ஆனாலும் ரூபாவின் பெறுமதியும் இறக்குமதி வரிகளும் சேர்ந்து, புதிய பிக்கப் ஒன்றைச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வியாபாரிகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. கொல்லையில் கிடக்கும் பழைய பிக்கப்பை அடிச்சட்டத்திலிருந்து கழற்றிக் கட்டி எடுத்தால் என்ன? இலாபமா, நட்டமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். இலாபம் வரலாம். ஆனால் எம்மவர்களில் பலர் இந்த வேலையைத் தலைகீழாகவே தொடங்குகிறார்கள். வண்டியை வாங்கியதும் டிங்கர் பாஸையும் பெயிண்டையும் தேடுகிறார்கள். பிறகு எஞ்சினைப் பார்க்கிறார்கள். அதன் பின்னர் செசியை. கடைசியாகத்தான் பத்திரத்தை எடுத்துப் படிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டால் பாதி நட்டம் குறைந்துவிடும்.

வன்னிக்கு இது புதிய வேலையல்ல. 1990க்குப் பின்னர் 2002 போர்நிறுத்த உடன்படிக்கை வரையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் என்று ஒரு நீண்ட பட்டியலுக்கு வன்னிக்குள் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் வீதியில் ஓடியவை எவை? மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகளே. அழுத்தம் குறைந்த அந்த எஞ்சின்களைச் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுவதுமாக எரியாமல் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ரிங்குகளும் பெயரிங்குகளும் தேயும். அதைத் தெரிந்துகொண்டேதான் ஓட்டினார்கள், வேறு வழியில்லை. கடையில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். உடைந்ததை ஒட்டினார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை வந்த பின்னர் கியூபாக்காரர்கள் தங்கள் பழைய செவ்ரொலேக்களைக் காப்பாற்றிய அதே கதைதான். கியூபாவைப் படம் எடுக்க உலகமே போனது. நம் கராஜ்காரர்களை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யாழ்ப்பாணப் பக்கத்துத் தட்டிவானையும் இங்கே சொல்லவேண்டும். பழைய செவ்ரொலே, பெட்ஃபோர்ட் அடிச்சட்டத்தின் மேல் பலகையால் பொடி கட்டி, ஆளையும் சாமானையும் சேர்த்து ஏற்றிய வண்டி அது. கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைப் பக்கம் போன தட்டிவான்களை இப்பத்தியின் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வண்டியின் உயிர் அடிச்சட்டத்தில் இருக்கின்றது, மேலே இருப்பது மாற்றக்கூடிய சட்டை என்ற உண்மையை அந்த மெக்கானிக்குகள் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

சரி, பத்திரத்துக்கு வருவோம்.

வன்னியில் கிடக்கும் பழைய வண்டிக்கு வேறு ஊர் வண்டிகளுக்கு இல்லாத ஒரு வரலாறு உண்டு. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் மக்கள் தம் வண்டிகளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் லொறி, பிக்கப், உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் கைவிடப்பட்டன. போர் முடிந்த பின்னரும் அவை உப்புக்காற்றில் கறள் பிடித்துக் குவியலாகக் கிடந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு. பத்திரம் காட்டியவர்கள் சிலருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. மீதியில் ஒரு பகுதி பழைய இரும்பாகப் போனது. இன்னொரு பகுதி கைமாறிக் கைமாறி இன்று யாருடையதோ கொல்லையில் நிற்கின்றது.

அந்தக் கொல்லையில் வண்டியைக் காட்டி விலை சொல்பவர் பதிவுச் சொந்தக்காரரா? பெரும்பாலும் இல்லை. "பேப்பர் ஓப்பனில் இருக்கின்றது" என்பார். அதாவது கையெழுத்து மட்டும் வைத்த உரிமை மாற்றப் படிவம் ஒன்று, இரண்டு மூன்று கைகளுக்கு ஊடாக வந்திருக்கும். கையெழுத்து வைத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எங்கே இருக்கிறார் என்பது விற்பவருக்கே தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அந்தக் காகிதத்தோடு போனால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பதிவுச் சொந்தக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். காணாமற்போயிருந்தால் விடயம் இன்னும் நுட்பமானது. 2010இல் கொண்டுவரப்பட்ட மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. ஆனால் தம் பிள்ளை, தம் கணவர் இறந்துவிட்டதாகக் கையெழுத்திட மறுத்த குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று வந்தது. அந்தச் சான்றிதழை வைத்து வண்டியை விற்கலாமா, பராமரிக்க மட்டும்தான் முடியுமா என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.

இதில் சட்டம் ஒரு பங்குதான். வண்டியின் சொந்தக்காரர் திரும்பி வருவார் என்று ஒரு தாய் இன்னும் காத்திருக்கின்ற வீட்டின் பொருளை, நடுவில் நின்ற தரகரிடமிருந்து பழைய இரும்பு விலைக்கு நாம் வாங்கலாமா? இந்தக் கேள்வியை வேறு எவரையும் விட நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாண மாவட்டங்களிலிருந்து எம்மவர்கள் வெளியேற்றப்பட்டபோது கடையையும் கடைச் சாமானையும் வண்டிகளையும் விட்டுவிட்டே புத்தளம் போனார்கள். நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும் அப்படி விட்டுப்போன பொருட்களை யார் யாரோ அனுபவித்தார்கள். அந்தப் பொருளை நல்ல விலைக்கு வாங்கியதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன நியாயத்தை நாம் அன்று ஏற்றுக்கொண்டோமா? ஆகவே பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரைத் தேடிப் போங்கள். கிராம சேவையாளரிடம் கேட்டால் குடும்பம் எங்கே என்று தெரியவரும். குடும்பத்திடம் நேரடியாகப் பேசி, அவர்கள் கையில் காசைக் கொடுத்து, அவர்கள் கையெழுத்தோடு வாங்குங்கள். தரகுக்காரருக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

பத்திரம் சுத்தமில்லாத வண்டியால் வரும் நட்டம் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது, பதிவு செய்வதற்கு வண்டி இலக்கத்தோடு செசி இலக்கமும் கேட்டார்கள். இரண்டும் பொருந்தாத வண்டிகள் அன்று வீட்டிலேயே நின்றன. மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் ஒரு லீற்றர் டீசல் கிடைக்கவில்லை.

செசி இலக்கம் என்றதும் இன்னொன்று. பெரும்பாலான பிக்கப்களில் அந்த இலக்கம் அடிச்சட்டத்தின் முன்பகுதியில், சக்கரத்துக்கு அருகே, இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். கறள் உரிக்கும்போது கிரைண்டரை அதன் மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அழிந்த இலக்கத்தைத் திரும்பக் குத்துவது குற்றம். வேறு அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டி இலக்கத்தை மட்டும் காப்பாற்றுவதும் குற்றம். இப்படி ஒரு வண்டியின் இலக்கத்தில் இன்னொரு வண்டியை ஓடவிடும் மோசடிகள் இந்நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. எனவே வண்டி கராஜுக்குள் போகும் முன்னரே அந்த இடத்தைக் கையால் கம்பித் தூரிகை போட்டுத் துப்பரவாக்கி, படம் எடுத்து, கிரீஸ் பூசி, துணி சுற்றி விடுங்கள். இலக்கம் இருக்கும் இடத்திலேயே இரும்பு உக்கியிருந்தால் வண்டியை வாங்கவே வேண்டாம். எஞ்சினை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

இனி இரும்பு.

கறள் கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில் ஆபத்து குறைவு. பெட்டி வடிவில் மூடிய அடிச்சட்டத்துக்குள் சேறும் ஈரமும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். உக்கிய இரும்பு மண்சட்டி மாதிரி மந்தமாகச் சத்தம் போடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கதை முடிந்தது. முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிய பிக்கப்பில் பின்பகுதியையே முதலில் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் ஆண்டுக்கணக்காக வடிந்தது பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தின் மேல்தான். வயல் வேலை பார்த்த வண்டியில் சேறு அடையும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். போர்க்காலத்து வண்டியென்றால் ஷெல் துண்டு போன துளைகளும் இருக்கும். கதவில் இருந்தால் கவலையில்லை. அடிச்சட்டத்தில் இருந்தால் அதைச் சுற்றி வெடிப்பு ஓடியிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும்.

புதிதாகத் தார் பூசிய அடிச்சட்டத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தாருக்குக் கீழே புட்டி, புட்டிக்குக் கீழே ஓட்டை. குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் எப்படிப்பட்ட வியாபாரம் என்பதை இப்பத்தியில் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அப்படி விற்கிறவர்களில் எம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

பொடியைத் தூக்கும் முன் ஒரு வேலை. முன் ஸ்பிரிங் மாட்டும் புள்ளியிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பின் புள்ளி வரை டேப் பிடித்து அளந்து, மறுபக்கமும் அதேபோல் அளக்கவேண்டும். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கின்றது. விரற்கடை அளவு வித்தியாசம் என்றால் வண்டி எங்கோ மோதியிருக்கின்றது. எவ்வளவு கட்டினாலும் டயர் தின்னும். அளவை எழுதி வையுங்கள். ஒட்டு வேலை முடிந்த பின் அதே அளவு வருகின்றதா என்று பார்க்கத் தேவைப்படும். உக்கிய பகுதியை வெட்டும் முன் குறுக்கே இரும்பு வைத்துத் தற்காலிகமாகப் பிணைக்காவிட்டால், வெட்டிய கணத்தில் சட்டம் தன் பாட்டில் திரும்பிவிடும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

ஒட்டுத்தகடு வைப்பதிலும் பாஸ்மார் சிலர் அவசரப்படுகிறார்கள். சதுரமாக வெட்டிய தகட்டை வைத்து நேர்க்கோட்டில் ஒட்டினால், பாரம் ஏறும்போது அந்த நேர்க்கோட்டிலேயே சட்டம் முறியும். தகட்டின் இரு முனையும் மீனின் தலையைப் போலக் கூராக இருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் பரவும். அடிச்சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போட விடாதீர்கள். முழுப் பாரத்தையும் சுமப்பவை அந்த இரண்டு விளிம்புகளே. பழைய தறையாணி தளர்ந்திருந்தால் சாதாரண போல்ட் போட்டு ஒப்பேற்றாமல், உயர்தர இழுவிசை போல்ட் போடச் சொல்லுங்கள். உரித்த இரும்பை அன்றே ரெட் ஒக்சைட் பூசாமல் மழைக்காலத்தில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மாசிக்குப் பின் வெயில் பார்த்துத் தொடங்குவதே நல்லது.

மொறிஸ் மைனர் தேடுகிறவர்களுக்கு ஒரு சிறு தகவல். அதன் காருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, பொடியும் அடியும் ஒன்றுதான். பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டுமே தனி அடிச்சட்டம் உண்டு. ஆகவே காரை விட அதன் பிக்கப்பைக் கட்டி எடுப்பது இலகு. 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனரின் தகடுகளைக் கையால் தட்டிச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். வண்டியைக் கண்டுபிடித்த நாட்டுக்கு நம்நாட்டுப் பாஸ்மார் உதிரிப்பாகம் செய்து அனுப்பியிருக்கிறார்கள்! ஆனால் உழைப்புக்கு வண்டி வேண்டுமென்றால் மொறிஸை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது ஆசைக்குரிய வண்டி. கால் தொன் சுமக்கவே கட்டப்பட்டது. நெல் மூட்டைக்கும் சீமெந்துக்கும் ஜப்பான் டீசல் பிக்கப்தான் சரி. பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கின்ற வண்டியா என்று முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவானாலும் விலை கூடியதுதான்.

இப்போது கணக்கு. கீழே வரும் எண்கள் சந்தை விலை அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்ட நானாக இட்டவை. உங்கள் கராஜ் சொல்லும் விலையை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். வண்டி 5 இலட்சம். அடிச்சட்ட வேலை 2.5 இலட்சம். எஞ்சின் 3.5 இலட்சம். பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் 2 இலட்சம். டயர், பற்றரி, வயரிங் 1.8 இலட்சம். டிங்கர், பெயிண்ட் 3 இலட்சம். பின்தட்டு 1.2 இலட்சம். வேலைச் செலவு மட்டும் 14 இலட்சம், வண்டியோடு 19 இலட்சம். பெரும்பாலானோர் இந்த இடத்தில் கூட்டலை நிறுத்திவிடுகிறார்கள். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்ற வகைச் செலவு ஒன்று உண்டு. அதற்கு வேலைச் செலவில் காற்பங்காவது ஒதுக்க வேண்டும். அது 3.5 இலட்சம். இனி வண்டி எட்டு மாதம் கராஜில் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டு மாதமும் வாடகை வண்டிக்கு மாதம் 30,000 கொடுத்தால் 2.4 இலட்சம். ஆக மொத்தம் 24.9 இலட்சம். 19 என்று நினைத்து இறங்கியவர் 25இல் நிற்கிறார். நடுவில் கைக்காசு முடிந்தால், பொடி ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமுமாகக் கிடக்கும் வண்டியை எவரும் வாங்கிய விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் ஓடக்கூடிய பழைய டிமோ பட்டா ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஊருக்குள் தேங்காய், மரக்கறி, பலசரக்கு ஏற்றுகிறவருக்கு அதுதான் புத்திசாலித்தனம், நானும் அதையே சொல்வேன். ஆனால் முத்தையன்கட்டுப் பக்கத்து உள்வீதியில் நெல் ஏற்றுகிறவருக்கும், இரணைமடுக் கால்வாய் ஓரம் உரம் கொண்டு போகிறவருக்கும் அடிச்சட்டம் உள்ள வண்டிதான் நின்று பிடிக்கும்.

பழைய வண்டி கட்டுவதில் உண்மையான இலாபம் வேறு இடத்தில் இருக்கின்றது. லீசிங்கில் எடுக்கும் வண்டிக்கு மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும், விளைச்சல் தவறினாலும் மீன் படாவிட்டாலும் தவணை தவறக்கூடாது. போருக்குப் பின் வன்னியில் லீசிங்கில் எடுத்த எத்தனை உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் திரும்ப இழுத்துச் செல்லப்பட்டன என்பதை நாம் கண்டோம். வட்டியை விட்டு ஒதுங்க நினைக்கும் வியாபாரிக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியது. கட்டி எடுக்கும் வண்டிக்கோ கையில் இருக்கும்போது காசு போடலாம், இல்லாதபோது நிறுத்தலாம். இந்த மாதம் அடிச்சட்டம், அறுவடை முடிந்த பின் எஞ்சின், பெருநாள் வியாபாரம் முடிந்த பின் டயர். கடன் இல்லாமல் முடிகின்றது. இதை அனுபவிக்க வேண்டுமானால் நிபந்தனை ஒன்றே: வண்டி இல்லாமலே அதுவரை உங்கள் வியாபாரம் ஓட வேண்டும். வண்டி வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர் இந்த வேலையில் கை வைக்கக்கூடாது.

பின்தட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். வன்னியில் முதிரையும் பாலையும் இருக்கும்போது இரும்பெதற்கு என்கிறார்கள். மரம் நல்லதுதான், அடித்தால் மாற்றலாம், கறள் பிடிக்காது. ஆனால் பாலை பாரம் கூடியது, அது வண்டி சுமக்கும் சாமானில் கழியும். மரத்துக்கு உரிய அனுமதிப்பத்திரம் இருக்கின்றதா என்று கேட்காமல் பலகை வாங்கி வழியில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

கடைசியாகப் பாஸ்மாரைப் பற்றி. தடைக்காலத்தில் ஒன்றுமில்லாமல் வண்டி ஓட்டிக் காட்டிய கைகள் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டிவிட்டன. அவர்களிடம் வேலை பழக வருகின்ற பிள்ளைகள் குறைவு. வெளிநாடு போகும் எண்ணம் ஒரு காரணம். டிங்கர் வேலையை மரியாதைக் குறைவாகப் பார்ப்பது இன்னொன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பப் பாடநெறி இருக்கின்றது. புத்தளத்திலிருந்து மீளத் திரும்பிய எம் குடும்பங்களின் எத்தனை பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்று பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். அங்கே படிப்பை முடித்த பிள்ளை ஒன்று, வவுனியாவிலோ முள்ளியவளையிலோ உள்ள பழைய பாஸ் ஒருவரிடம் இரண்டு வருடம் நின்றால் புத்தகமும் கைப்பழக்கமும் சேர்ந்துவிடும். உங்கள் பிக்கப்பைக் கட்டக் கொடுக்கும்போது, பாஸிடம் ஒரு பையனை உதவிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவனுடைய நாட்கூலியை நீங்களே கொடுங்கள். மேலே நான் போட்ட கணக்கில் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.